சுடலாம், ஏமாற்றக் கூடாது

நெட் சென்டர் தொழிலில் கம்ப்யூட்டர் கெட்டால் தேனியில் நாலு பேர் ஓடி வந்து சரிசெய்வார்கள். அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் கெட்டால் கல்லாவில் இருக்கிறவள்தான் சரிசெய்ய வேண்டும். இதே கடை வைத்து இதே பாடுபட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், இப்போதே தலையை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும்.

எங்கள் வீடு அல்லிநகரத்தில். இரண்டாயிரத்து நாலு வாக்கில் என் மகன் செல்வம் வீட்டு முன்னறையில் எட்டுக் கம்ப்யூட்டர் போட்டுக் கடை ஆரம்பித்தான். ஒரு வருஷம் நடத்தினான். அப்புறம் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது. "நீ பாத்துக்கம்மா" என்றான். நான் படித்தது எட்டாம் வகுப்பு. "எட்டுக் கம்ப்யூட்டருக்கு எட்டாங்கிளாஸ் போதும்மா" என்று சிரித்துவிட்டான்.

காலையில் பரீட்சை ரிசல்ட் பார்க்க, விண்ணப்பம் அனுப்ப என்று ஆட்கள் வருவார்கள். அவர்களால் தொந்தரவே கிடையாது. மத்தியானத்துக்கு மேல்தான் விளையாட்டு. எட்டுப் பேரும் நாலு நாலாகக் கட்சி பிரிந்து, திரைக்குள் இருக்கிற ஒரு கோட்டையில் ஒருத்தரை ஒருத்தர் தேடிச் சுடுவார்கள். செத்தவன் அடுத்த ஆட்டத்தில் எழுந்து வந்துவிடுவான், ஆகையால் பாவம் ஒன்றும் இல்லை என்று சாமியிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆட்டத்தை நடத்துவது என் கல்லாவில் இருந்த ஒன்பதாவது கம்ப்யூட்டர். அதற்குப் பேர் சர்வர். யார் எங்கே போகிறார்கள், என்ன பார்க்கிறார்கள் என்று அதில் எனக்குத் தெரியும்.

செல்வம் எனக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை இரண்டு. கிக் என்றால் ஒருத்தரை ஆட்டத்தை விட்டு வெளியே தள்ளுவது. பேன் என்றால் திரும்ப வரவே முடியாமல் கதவைச் சாத்துவது. எந்த எழுத்தை அடிக்க வேண்டும் என்று என் சாமி பாட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக் கொடுத்தான். பஸ் ஏறும்போது சொன்னான்: "பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில ஏசி இருக்கு, சுத்துற சேர் இருக்கு. நம்மகிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதாம்மா. இங்கன ஆட்டம் நேர்மையா நடக்கும்ங்கிற பேரு. அது போச்சுன்னா எட்டுச் சேரும் காத்தாடும்."

அந்தப் பேரைக் காப்பாற்ற நான் பட்ட பாடுதான் இனி வருவது.

முருக பக்தர்

கடையில் நாலு கம்ப்யூட்டர் இந்தச் சுவரோரம், நாலு அந்தச் சுவரோரம். இரண்டு கட்சியும் முதுகு காட்டி உட்காருவார்கள். மெல்லத் தலையைத் திருப்பி எதிராளியின் திரையைப் பார்த்து, அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தெரிந்துகொள்வதுதான் இந்தத் தொழிலின் ஆதி காலத்து ஏமாற்று. அதற்கு என்னிடம் அடிஸ்கேல் இருந்தது. திரும்புகிற தலைக்கு ஒரு தட்டு. ஆனால் ஈஸ்வரன் என்று ஒருவன் மட்டும் திரும்பவே மாட்டான். நூல் மில்லில் எலக்ட்ரீஷியன், இருபத்தைந்து வயசு இருக்கும். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு நேரே இங்கேதான் வருவான். எப்போதும் ஒரே சேர். சுடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து, எதிரே சுவரில் சாய்த்து மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்ப்பான். உதடு வேறு முணுமுணுக்கும்.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா! வெள்ளிக்கிழமை சுண்டல் கொடுத்தால் அவனுக்கு ஒரு கரண்டி கூட. மற்றவர்களிடம், "ஏலே, அவனப் பாத்துக் கத்துக்கங்க. சாமிய நெனச்சு ஆடுறான், ஜெயிக்கிறான்" என்று வேறு புத்தி சொன்னேன். ஒரு நாள் அவன் டீ குடிக்கப் போனபோது, அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டிருந்த நான் கால் வலிக்கிறதே என்று அவன் சேரில் உட்கார்ந்து, "முருகா" என்று நிமிர்ந்தேன். படத்தின் கண்ணாடியில், மயிலுக்குப் பக்கத்தில், பின்சுவரில் இருக்கிற நாலு திரையும் பளிச்சென்று தெரிந்தன.

டீ குடித்துவிட்டு வந்தவன் என்னைத் தன் சேரில் பார்த்ததுமே புரிந்துகொண்டான். கோபப்படலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான்: "நான் கும்பிட்டது பொய்யில்ல ஆத்தா. கூப்பிட்டப்ப எல்லாம் முருகன் காட்டிக் குடுத்தாருல்ல?"

சுவரைப் பார்த்துச் சிரித்தவன்

முருகன் என் கல்லாவுக்கு மேலே குடி வந்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஈஸ்வரன் தோற்றுக்கொண்டே இருந்தான். மூன்றாவது வாரம் திடீரென்று ஒருத்தரையும் விடவில்லை. மூலையில் ஒளிந்தாலும் சுடுகிறான், கதவுக்குப் பின்னால் நின்றாலும் சுடுகிறான். மதுரையிலிருந்து ஒரு சிடி வாங்கி வந்திருக்கிறான், அதைப் போட்டால் கோட்டைச் சுவரெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. செல்வத்துக்குப் போன் போட்டால் என்னென்னமோ இங்கிலீஷில் சொன்னான். ஒன்றும் ஏறவில்லை.

சரி, நமக்குத் தெரிந்ததைப் பார்ப்போம் என்று சர்வரில் அவன் ஆட்டத்தை மட்டும் பார்த்தேன். மற்றவர்கள் எல்லாரும் வாசலைப் பார்த்து நிற்கிறார்கள். இவன் வெறும் சுவரைப் பார்த்து நிற்கிறான். சுவரில் ஒன்றுமே இல்லை. ஆனால் அவன் துப்பாக்கி, நடந்து போகிற ஆள் பின்னாலேயே போவது மாதிரி மெதுவாக நகருகிறது. எட்டி அவன் முகத்தைப் பார்த்தேன். அடுப்படியில் பலகாரம் எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிள்ளைகள் ஒரு சிரிப்புச் சிரிக்குமே, அது. இரண்டு பிள்ளை வளர்த்தவளுக்கு அந்தச் சிரிப்புக்கு இங்கிலீஷ் வேண்டுமா? உள்ளே எதையோ போட்டிருக்கிறான் என்று போய்ச் சிடி பெட்டியின் பொத்தானை அமுக்கினேன். நாக்கை நீட்டுவது மாதிரி சிடி வெளியே வந்தது.

ஈஸ்வரன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னான்: "மாட்டினதுகூடப் பரவால்ல ஆத்தா. சுடத் தெரியாத ஆள்கிட்ட மாட்டினேன் பாருங்க, அதான் வெளிய சொல்ல முடியல."

காவலுக்கு ஒரு ஸ்டூல்

பேன் போட வேண்டியதுதான் என்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வயலுக்குப் போய்விட்டு வந்த என் வீட்டுக்காரர், "என்ன சேதி?" என்று கேட்டார். சொன்னேன். கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "வாய்க்கால்ல அடுத்தவன் தண்ணிய ஒருத்தன் திருட்டுத்தனமா தெறந்து விட்டுக்கிட்டா நாங்க என்ன செய்வோம்? ஊர விட்டா தள்ள முடியும்? மறுநாளுக்கு அவனையே மடைக்குக் காவல் போட்டுருவோம். கரை எங்கன எளசா இருக்குன்னு அவனுக்குத்தான தெரியும்?" எனக்கு இது நியாயமாகப் பட்டது. பேன் போட்டால் அவன் பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போய்விடுவான், அவ்வளவுதானே. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூலைப் போட்டு, "ஒரு வாரம் ஆட்டம் கெடையாது. இதுல உக்காந்து எவன் ஏமாத்துறான்னு எனக்குச் சொல்லணும்" என்றேன்.

இரண்டாம் நாளே கண்டுபிடித்தான். பிரிண்ட் எடுக்க வந்தேன் என்று சொல்லி ஒருவன் தினமும் வாசலோரம் நின்று இருமிக்கொண்டே இருப்பான். பாவம், நெஞ்சுச் சளி போல என்று நான் தினமும் சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து எதிர்க்கட்சித் திரை தெரியும்; ஒரு இருமல் என்றால் எதிரி இடது பக்கம் வருகிறான், இரண்டு என்றால் வலது பக்கம். உள்ளே உட்கார்ந்திருக்கிற கூட்டாளிக்குச் சேதி! ஈஸ்வரன் அவன் தோளில் கையைப் போட்டு என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். இருமல்காரன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்தால், கண் கலங்கச் சொன்னான்: "நானும் ஒரு வாரம் ஸ்டூல்ல உக்காருறேன் ஆத்தா, அந்தக் கஷாயத்த மட்டும் இன்னையோட நிறுத்திருங்க."

அவன் உனக்கு என்ன வேணும்?

ஏமாற்று ஒரு பக்கம் என்றால் குசும்பு ஒரு பக்கம். குசும்பன் சொந்தக் கட்சிக்காரனையே பின்னாலிருந்து சுடுவான். கோட்டைக் கதவை மறைத்துக்கொண்டு நிற்பான், ஒருத்தரும் வெளியே போக முடியாது. ஜெயிப்பதில் அவனுக்கு அக்கறையே இல்லை; அடுத்தவன் கத்த வேண்டும், அவ்வளவுதான். "சொந்த ஆளச் சுட்டா யோசிக்காமக் கிக் பண்ணும்மா" என்று செல்வம் சொல்லியிருந்தான். முதல் புகார் வந்தபோது, "இவன் என்னையச் சுட்டுட்டான் ஆத்தா" என்று ஒருவன் வந்து நின்றான். எனக்கு வாயில் வந்த முதல் கேள்வி, "அவன் உனக்கு என்ன வேணும்?" என்பதுதான். "மச்சான்" என்றான். "பெறகென்ன? திருவிழாவுல மச்சான் மேல மஞ்சத் தண்ணி ஊத்துறதில்லையா? போய் உக்காந்து நீயும் ரெண்டு சுடு" என்று அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அதுவே கடைச் சட்டமாகிவிட்டது. மாமன், மச்சான் சுட்டால் அது கேலி; கேள்வி கிடையாது. அண்ணன், தம்பி சுட்டால் கிக். செல்வத்திடம் சொன்னேன். போனில் சிரித்துச் சிரித்து அவனுக்கே இருமல் வந்துவிட்டது.

இந்தச் சட்டத்துக்கும் ஒரு ஆள் வந்து சேர்ந்தான். கெங்குவார்பட்டியிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை வருவான். உட்கார்ந்தால் தன் கட்சியில் இருக்கிற மூன்று பேரையும் சுட்டுவிட்டுத்தான் மறுவேலை. அந்த மூன்று பேரில் ஒருத்தர்கூட அவனுக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "இவுக உனக்கு என்னப்பா வேணும்? மூணு பேரையும் சுட்டிருக்கியே" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "வீட்டுல கட்டிக் குடுக்க மூணு தங்கச்சி இருக்கு ஆத்தா. பின்னாடி எவன் எனக்கு மச்சானா வருவான்னு யாரு கண்டா, அதான் எல்லாரையும் ஒண்ணுபோலச் சுட்டு வச்சிட்டேன்."

ஒரு மணிக் கரண்ட்

ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலையிலேயே ஆட்டம் ஆரம்பித்துவிடும். சரியாக ஒரு மணிக்குக் கரண்ட் போகும். தெருவில் எல்லா வீட்டிலும் டிவி பாடிக்கொண்டிருக்கும், எங்கள் கடை மட்டும் இருட்டு. தோற்கிற கட்சி எவனையோ விட்டு மெயினை அணைக்கச் சொல்கிறது என்று ஜெயிக்கிற கட்சி சண்டைக்கு நின்றது. பேர் கெட்டுவிடுமே என்று எனக்குப் பதற்றம். ஈஸ்வரனை ஸ்டூலோடு மெயின் பெட்டிக்குப் பக்கத்தில், கதவு மறைவில் உட்கார வைத்தேன். ஒரு மணி. மெதுவாக ஒரு கை நீண்டு பெட்டியைத் தொட்டது. ஈஸ்வரன் லபக்கென்று பிடித்துவிட்டான். பிடித்த வேகத்தில் விட்டும் விட்டான். கை என் வீட்டுக்காரருடையது.

"பத்து தடவ கூப்பிட்டாலும் இந்தா வாரேன், இந்தா வாரேன்னு சொல்லுறா. கரண்டு போனாத்தான் எந்திரிச்சு வர்றா" என்றார் அவர். ஈஸ்வரன் என் பக்கம் திரும்பி, நீதிபதி மாதிரி சொன்னான்: "அய்யாவுக்கு மொதல்ல சோத்தப் போடுங்க ஆத்தா, அப்பத்தான் எங்க உசுரு நிக்கும்."

ஊசியில் நூல் கோத்தவள்

இது சிரிக்கிற கதை இல்லை, என் தப்பைச் சொல்கிற கதை. ஜோதி என்று ஒரு பெண். எம்பிராய்டரி மெஷின் போடுகிற கடையில் வேலை. வெளிநாட்டில் இருக்கிற அண்ணனுக்கு மெயில் அனுப்ப வருவாள். ஒரு நாள் ஒரு சேர் காலியாக இருந்தது. "நானும் ஆடிப் பாக்கட்டாம்மா?" என்று கேட்டாள். ஒரு மாதம் பேசாமல் ஆடினாள். அடுத்த மாதம் எதிர்க்கட்சியில் ஒருத்தரும் மிஞ்சவில்லை. "சிடி போட்டிருக்கா ஆத்தா. இல்லைன்னா இப்படிச் சுட முடியாது" என்று எல்லாரும் சொன்னார்கள். ஈஸ்வரனும் சொன்னான். நான் என் கண்ணால் பார்க்காமல் கிக்கை அடித்துவிட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் விளக்கேற்ற உட்கார்ந்தேன். ஜெயித்துக்கொண்டிருந்தது ஒரு ஆண்பிள்ளையாக இருந்தால் இப்படிப் பார்க்காமல் தள்ளியிருப்பேனா என்று முருகன் கேட்கிற மாதிரியே இருந்தது. மறுநாள் அவள் வேலை செய்கிற கடைக்கே போய்க் கூப்பிட்டு வந்தேன். ஈஸ்வரனையே கம்ப்யூட்டரைச் சோதிக்கச் சொன்னேன். சிடி இல்லை, ஒன்றும் இல்லை. எதிர்க்கட்சியை எதிர்ச் சுவரில் உட்கார வைத்து, மற்றவர்களை அவள் பின்னால் நிறுத்தி, அவளை ஆடச் சொன்னேன். நான் சர்வரில் பார்த்தேன். சுவரைப் பார்க்கவே இல்லை. எங்கே ஆள் வருமோ அங்கே கையை அசையாமல் வைத்துக் காத்திருக்கிறாள், அவ்வளவுதான். எல்லார் முன்னாலும், "நான் செஞ்சது தப்பு தாயி" என்றேன். இனி என் கண்ணால் பார்க்காமல் ஒருத்தரையும் தள்ளுவதில்லை, பார்த்துவிட்டால் யாரையும் விடுவதுமில்லை என்று முருகன் படத்துக்கு முன்னால் சொன்னேன். ஜோதி மவுசைத் துடைத்து வைத்துவிட்டு ஈஸ்வரனைப் பார்த்துச் சொன்னாள்: "நாள் பூரா ஊசிக் காதுல நூலக் கோக்கிறவளுக்கு, பூசணிக்காய் கணக்கா இருக்கிற உன் தலை தெரியாதா?"

தலை தீபாவளி

முருகன் படத்துக்கு முன்னால் வார்த்தை கொடுத்தால் அவர் சும்மா விடமாட்டார் என்பது எனக்கு அந்த வருஷ ஐப்பசியில் தெரிந்தது. ஆவணியில் என் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்குச் சின்னமனூர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. தலை தீபாவளிக்கு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். எண்ணெய்க் குளியல், புது வேட்டி, கறிக்குழம்பு என்று மத்தியானம் வரை குறையில்லாமல் போனது. மூன்று மணிக்குக் கடை வாசலில் நாலு பேர். பஸ் ஸ்டாண்டு கடையில் ஆடுகிறவர்கள். அவர்களில் பெரியவன் சொன்னான்: "எங்க கடையில ஏமாத்துறவன் பெருத்துட்டான் ஆத்தா. அல்லிநகரத்துல நேர்மையா நடக்கும்னு எல்லாரும் சொன்னாக. உங்க ஆளுககூட ஒரு மேட்ச் போடலாம்னு வந்தோம்." எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே கடையைத் திறந்தேன். எங்கள் பக்கம் ஈஸ்வரன், ஜோதி, அந்தக் கஷாயக்காரன். நாலாவது ஆள் அவனே தலை தீபாவளிக்கு லோயர் கேம்ப்புக்கு, மாமனார் வீட்டுக்குப் போயிருந்தான். என்னை ஆத்தா என்று கூப்பிடுகிறவர்களுக்குக் கவிதா அக்கா, தங்கச்சி முறை. மாப்பிள்ளை மச்சான் முறை. "மச்சான், ஒரு ஆள் கொறையுது, வாங்க" என்று ஈஸ்வரன் கூப்பிட்டான். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏழாம் நம்பர் சேரில் உட்கார்ந்தார்.

எங்கள் கட்சி ஜெயித்தது. திரும்பவும் ஜெயித்தது. மாப்பிள்ளை ஒருவராகவே நாலு பேரையும் சுட்டார். நான் கவிதாவைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஈஸ்வரன் எழுந்து கல்லாவுக்கு வந்தான்.

"ஆத்தா, ஜெயிச்சுக்கிட்டே இருக்கோம்."

"நல்லதுதானடா."

"நல்லதில்ல ஆத்தா. மச்சான் உக்காந்த ஒடனே கம்ப்யூட்டர்ல விரல் நீளத்துக்கு ஒண்ணச் சொருகுனாக. நீங்களே பாருங்க."

சர்வரில் ஏழாம் நம்பரைப் பார்த்தேன். வெறும் சுவர். அதில் மெதுவாக நகருகிற துப்பாக்கி. எட்டி முகத்தைப் பார்த்தேன். அதே சிரிப்பு.

என்னைப் போலக் கடை வைத்தவர்களே, பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்களே, நீங்கள் சொல்லுங்கள், தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையை வெளியே தள்ளுவதற்கு எந்தப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதியிருக்கிறது? முதலில் தட்டில் அதிரசம் வைத்து, "உள்ள வாங்க மாப்பிள்ளை, சூடா இருக்கு" என்றேன். "இருக்கட்டும் அத்தை, இந்த ஆட்டம் முடியட்டும்" என்றார். முறுக்கு கொண்டுபோனேன். "இருக்கட்டும் அத்தை." காப்பி கொண்டுபோனேன். அதை மட்டும் இடது கையில் வாங்கிக்கொண்டு வலது கையால் ஒருத்தனைச் சுட்டார். என் வீட்டுக்காரர் காதோரம் வந்து, "விருந்துக்கு வந்த பிள்ளைய அவமானப்படுத்தினா நாளைக்கு நம்ம பிள்ள அங்கன போயி வாழணுமா வேணாமா? பேசாம இரு" என்றார். அவர் சொன்னதும் நியாயம். அந்த நேரம் பஸ் ஸ்டாண்டு கட்சியின் பெரியவன் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். சத்தம்கூடப் போடவில்லை. "உங்க கடையிலயுமா ஆத்தா?" என்று மட்டும் கேட்டான்.

நிமிர்ந்து முருகனைப் பார்த்தேன். ஜோதியைப் பார்க்காமல் தள்ளியவள் மாப்பிள்ளையைப் பார்த்தும் விட்டால் அந்த முருகன் முகத்தில் எப்படி விழிப்பேன்? புத்தகத்தைத் திருப்பினேன். பேரை அடித்துத் தள்ளலாம், நம்பரை அடித்தும் தள்ளலாம் என்று செல்வம் எழுதியிருந்தான். மாப்பிள்ளை பேரை நான் இதுவரை வாயால் சொன்னது கிடையாது. கையால் மட்டும் சொல்லலாமா? மரியாதை குறையாமல் ஏழாம் நம்பரை அடித்தேன்.

மாப்பிள்ளை திரையை உற்றுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "கனெக்ஷன் போயிருச்சு போல அத்தை" என்றார். ஆமாம் மாப்பிள்ளை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லார் மானமும் நின்றுவிடும். என் நாக்கு அந்த வார்த்தைக்குத் திரும்பத்தான் பார்த்தது.

"கனெக்ஷன் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. நான்தான் எடுத்து விட்டேன்."

ஈஸ்வரன்தான் எழுந்தான். அந்த ஸ்டூலைத் தூக்கி வந்து, துண்டால் துடைத்துக் கல்லா ஓரம் போட்டான். "வாங்க மச்சான். நீங்க எங்களச் சுட்டிருந்தா இங்கன கேள்வியே கெடையாது. ஆனா சுவருக்குள்ள பாக்குறதுக்கு ஆத்தா சட்டத்துல எந்த முறையும் இல்ல. நானும் இதுல ஒரு வாரம் உக்காந்தவன்தான். பழகிரும்" என்றான். மாப்பிள்ளையின் காது இரண்டும் சிவந்துவிட்டன. சேரை விட்டு எழுந்தார். பிறகு சொருகியிருந்ததைப் பிடுங்கி என் மேசையில் வைத்துவிட்டு, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்தார். மாமியாரும் மருமகனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சர்வரைப் பார்த்தோம். வேண்டாம் என்று சொன்ன அதிரசத்தை எல்லாம் அவரே தின்று தீர்த்தார். மூன்று பேராக ஆடிய எங்கள் கட்சி படுதோல்வி. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பஸ் ஸ்டாண்டு கட்சி ஏசியை விட்டுவிட்டு எங்கள் மின்விசிறிக்கு வந்துவிட்டது.

ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாதே. கடையைச் சாத்திவிட்டு, மகள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயந்துகொண்டே அடுப்படிக்குப் போனேன். கவிதா சுவரைப் பார்த்து நின்றுகொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. "ஆத்தா கவிதா, அம்மாவ மன்னிச்சிரும்மா" என்று தொட்டுத் திருப்பினால், சிரிப்பு. அடக்க முடியாத சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "கல்யாணம் ஆனதுல இருந்து இவுககூட ரம்மி ஆடுறேன்மா, எல்லா ஆட்டத்துலயும் ஜோக்கர் இவுக மடிக்குள்ளதான் இருக்கும். எப்படிச் சொல்லுறதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன், இனிமே ஒரு ஸ்டூலு வாங்கிப் போட்டாப் போதும்."

இத்தனை வருஷம் கடை நடத்தி நான் கற்றுக்கொண்டது, சுட்டவன் நமக்கு என்ன முறை என்று தாராளமாகக் கேட்கலாம், ஏமாற்றினவன் என்ன முறை என்று மட்டும் கேட்கவே கூடாது, கேட்டால் பதில் நம் வீட்டு அதிரசத்தைத் தின்றுகொண்டிருக்கும்.